செத்துப்போச்சு என்று சொல்லாதே!

 

தங்கள் கையாலேயே கம்ப்யூட்டர் பூட்டுகிற வாலிபர் நம் சபைகளில் உண்டு. தகப்பன் கடன் வாங்கிக் கொடுத்த பணம், தாய் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். ரிச்சி தெருவிலே பாகம் பாகமாய் வாங்கி, ராத்திரியெல்லாம் விழித்துப் பூட்டி, பட்டனை அழுத்தினால் லைட் இல்லை, ஃபேன் சுற்றவில்லை. உடனே வீட்டில் ஒரு சத்தம்: "செத்துப்போச்சு! காசெல்லாம் தண்டம்!"

பிரியமானவர்களே, அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதிருங்கள். புதிதாய்ப் பூட்டின பெட்டி எழும்பாததற்குப் பல வேளைகளில் காரணம் கெட்டுப்போன பாகம் அல்ல, சரியாய்ச் சேராத இணைப்பே. வாலிபத் தம்பியே, மூன்று காரியங்களைக் கவனி.

முதலாவது, கரண்ட் வருகிற வழியைப் பார். அதே பிளக் பாயிண்டில் ஒரு டேபிள் லாம்பை மாட்டிப் பார், எரிகிறதா? எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் பின்பக்கத்துச் சின்ன ஸ்விட்சில் வட்டம் போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் அது ஆஃப். உள்ளே 24 பின் உள்ள பெரிய கனெக்டர் மதர்போர்டுக்கு. 4 அல்லது 8 பின் உள்ள சின்னது பிராசஸருக்கு. பெரியதை மாட்டிவிட்டுச் சின்னதை மறந்துபோகிறவர்கள் உண்டு. ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் வந்துவிட்டு, வீட்டில் தனி ஜெபத்தை மறக்கிறோமே, அதுபோலத்தான்!

இரண்டாவது, பட்டன் செய்கிற வேலையை அறிந்துகொள். 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். முறையில், முன்பக்கத்துப் பட்டன் கரண்டை நேராய்த் திறந்துவிடுகிறதில்லை. அது மதர்போர்டுக்கு ஒரு விண்ணப்பம் மாத்திரம் கொடுக்கிறது. போர்டு எஸ்.எம்.பி.எஸ்.-க்குச் சொல்லும்போதுதான் எல்லாம் எழும்புகிறது. பெட்டி தூங்குகிறதுபோல் இருந்தாலும், பின் ஸ்விட்ச் ஆனில் இருக்கும்வரை 5 வோல்ட் உள்ளே காத்துக்கொண்டே இருக்கிறது!

பட்டனின் மெல்லிய வயர் தவறான பின்னில் மாட்டியிருந்தால், நூறு தரம் அழுத்தினாலும் விண்ணப்பம் போய்ச் சேராது. போர்டோடு வந்த புத்தகத்தைத் திறந்து, படத்தைப் பார்த்து மாட்டு. அப்போதும் எழும்பாவிட்டால், பட்டனுக்குரிய அந்த இரண்டு பின்களை மட்டும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொடு. எழும்பினால் குற்றம் பட்டனில் அல்லது அதின் வயரில்தான், போர்டில் அல்ல. வேதத்தை மூடிவைத்துவிட்டு, "ஆண்டவர் பேசலையே" என்று புலம்புகிறவர்களும் இதைக் கவனிக்கட்டும்.

மூன்றாவது, அதிகமானதைக் கழற்றி வை. பிளக்கைப் பிடுங்கு. கேபினெட்டின் வெறும் இரும்பைத் தொட்டு, உடம்பிலுள்ள ஸ்டாட்டிக் கரண்டைப் போக்கிக்கொள். ஹார்டு டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் எடுத்துவிடு. ஃபேனோடு பிராசஸர், ஒரே ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ்., இவை போதும். ராமை 'கிளிக்' சத்தம் கேட்கும்படி அழுத்து. போர்டை வெளியே எடுத்துக் காகித அட்டையின்மேல் வைத்துப் பார். கேபினெட்டில் போர்டைத் தாங்குகிற பித்தளைத் தூண் ஒன்று இடம் தவறி நின்றாலும், போர்டின் அடியில் பட்டு ஷார்ட் ஆகலாம்.

அட்டையின்மேல் எழும்பினால் ஒவ்வொன்றாய்ச் சேர். ஒவ்வொரு தரமும் பிளக்கைப் பிடுங்கிவிட்டே சேர். எதைச் சேர்த்ததும் படுத்துவிட்டதோ, அங்கேதான் குற்றம். அட்டையின்மேலும் எழும்பாவிட்டால், நன்றாய் வேலைசெய்கிற வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.-ஐ அதின் சொந்த வயர்களோடே மாட்டிப் பார். அதற்கும் அசையாவிட்டால் வாரண்டி சீட்டோடு கடைக்குக் கொண்டுபோ.

ஒரு எச்சரிப்பு! எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மாத்திரம் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கின பின்பும் அதிலுள்ள கெபாசிட்டர்கள் உயிரை வாங்குகிற கரண்டைப் பிடித்துவைத்திருக்கக்கூடும். கருகின வாசனை வந்தால் நிறுத்திவிடு.

தேவ பிள்ளைகளே, துரோவா பட்டணத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஜன்னலில் உட்கார்ந்து தூங்கின ஐத்திகு மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பிணமென்றே ஜனங்கள் தூக்கினார்கள். பவுலோ பிரசங்கத்தை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கிப்போய், அவனை அணைத்துக்கொண்டார். அந்த வாலிபன் உயிரோடு வீடு போனான்! பவுல் மேலே நின்றபடியே, "தூங்கினவனுக்கு இது வேணும்" என்று சொல்லவில்லை.

ஒரு மெஷினுக்கு ஒவ்வொரு வயராய்ப் பொறுமையோடே பார்க்கிற நாம், ஆராதனைக்கு வராமல் நின்றுபோன சகோதரனை, "அவன் கதை முடிஞ்சுபோச்சு" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாமா? வேலை போய்விட்டதோ, வீட்டில் வியாதியோ, சபையில் யாராவது சொன்ன சொல் குத்திவிட்டதோ, யார் கேட்டோம்? பெட்டி போனால் இன்னொன்று வாங்கலாம். ஆத்துமாவுக்கு ஈடு உண்டா?

இந்த வாரம் ஒரு வீட்டுக்காவது போங்கள். புத்தி சொல்ல அவசரப்படாதிருங்கள். முதலில் உட்காருங்கள், விசாரியுங்கள், சாப்பிட்டார்களா என்று கேளுங்கள், அப்புறம் ஜெபம்பண்ணுங்கள். படுத்துக் கிடக்கிறவர்களை எழுப்புகிற ஆண்டவர் உங்களோடேகூட வருவார். அல்லேலூயா! ஆமென்.