வட்டியில்லாக் கடன்

ஒரு மனிதனின் ஐந்து வருட உழைப்பை ஒரே தாளில் எழுதிவிட முடியுமா? அமெரிக்காவில் எழுதியிருக்கிறார்கள்.

அந்தத் தாளுக்குச் சொந்தக்காரர் டேனியல் ஃப்ரீமேன். 1862-ல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்துப் போட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் சொன்னது ரொம்ப சிம்பிள். அரசாங்க நிலத்தில் 160 ஏக்கர் எடுத்துக்கொள். ஐந்து வருடம் அங்கேயே குடியிரு, வீடு கட்டு, உழுது பயிர் செய். அப்புறம் நிலம் உன்னுடையது. கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர், அவ்வளவுதான்! சட்டம் அமலுக்கு வந்த 1863 ஜனவரி 1-ம் தேதியே, நெப்ராஸ்காவில் பியாட்ரிஸ் என்ற ஊருக்குப் பக்கத்துப் புல்வெளிக்கு மனுப் போட்டுவிட்டார் மனிதர்.

அதிலும் ஒரு கதை இருக்கிறது. ஃப்ரீமேன் உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்காரர். விடிந்தால் படைக்குத் திரும்ப வேண்டும். புத்தாண்டு விருந்தில் இருந்த நில அலுவலக கிளார்க்கைப் பிடித்து, நள்ளிரவு தாண்டியதும் ஆபீஸைத் திறக்க வைத்து, பதிவு செய்துவிட்டுப் போனாராம். இதற்கெல்லாம் ஆதாரம் போதாது என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. நான் பி.காம். படித்தவன். வவுச்சர் இல்லாத செலவை நம்பாதே என்று ஆடிட்டிங் வகுப்பில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அதனால் கதையை விட்டுவிட்டுத் தாளுக்கு வருகிறேன்.

1868 ஜனவரியில் இரண்டு சாட்சிகள் அவருக்காக நில அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தது அது. மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ள குடும்பத் தலைவர். பாதி மரக்கட்டையும் பாதிச் சட்டமுமாக, 14 அடிக்கு 20 அடியில் ஒரு வீடு. இரண்டு கதவு, இரண்டு ஜன்னல். உழுது பயிரிட்டது சுமார் 35 ஏக்கர். ஒரு தொழுவம், ஆட்டுக்கொட்டகை, சோளம் போட்டுவைக்க ஒரு பட்டறை. ஆப்பிள் மரம் 40, பீச் மரம் கிட்டத்தட்ட 400. வசிக்க வசதியான வீடு என்று ஒரு சர்ட்டிஃபிகேட் வேறு! 14-க்கு 20-ல் நான்கு பேர் என்ன வசதியாக இருந்திருப்பார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 'மனைவி'யின் பெயர் ஆக்னஸ். முதலில் ஃப்ரீமேனின் தம்பிக்கு நிச்சயமானவர். தம்பி போரில் இறந்துபோக, அண்ணன் கடிதம் எழுதி எழுதிச் சம்மதம் வாங்கினார்.

இதுபோன்ற கோப்புகள் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் லட்சக்கணக்கில் இருக்கின்றன. சுமார் 16 லட்சம் பேருக்கு, 27 கோடி ஏக்கர் இந்தச் சட்டத்தில் கை மாறியது. போர் முடிந்து வந்தவர்களுக்கு 1872-ல் ஒரு சலுகையும் கொடுத்தார்கள். ராணுவத்தில் இருந்த வருடங்களை அந்த ஐந்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2000-வாக்கில் வயது வந்த அமெரிக்கர்களில் சுமார் கால்வாசிப் பேர் இவர்களுடைய வாரிசுகளாக இருக்கலாம் என்று ஒரு கணிப்பு உண்டு. தாத்தாவின் கோப்பைத் தேடி எடுத்து, மரங்களின் எண்ணிக்கையைப் படித்துக் கண் கலங்குகிறவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். நானாக இருந்தாலும் கலங்குவேன்.

தகராறு எங்கே என்றால், தாள் 1863-ல் ஆரம்பிக்கிறது. நிலம் அதற்கு முன்பே இருந்தது.

அது ஓட்டோ-மிசூரியா மக்களின் பூமி. 1854-ல் ஒரு ஒப்பந்தம் போட்டு அவர்களை பிக் புளூ நதிக்கரையில் ஒரு ஒதுக்கிடத்தில் ஒடுக்கினார்கள். ஃப்ரீமேன் பீச் மரம் வளர்த்துக்கொண்டிருந்தபோது, அதே வட்டாரத்தில், கொஞ்சம் தெற்கே, அவர்கள் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். 1881-ல் அங்கிருந்தும் கிளப்பி, இன்றைய ஒக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னொன்று பாருங்கள். கப்பலில் நேற்று வந்து இறங்கியவன்கூட 'நான் குடிமகனாகப் போகிறேன்' என்று எழுதிக் கொடுத்து 160 ஏக்கர் கேட்கலாம். அந்த மண்ணிலேயே பிறந்த ஓட்டோக்காரர் கேட்க முடியாது. சட்டப்படி அவர் குடிமகன் இல்லை!

இப்போது கேள்வி. பேரன் என்ன செய்ய வேண்டும்?

'என் தாத்தா திருடவில்லையே சார்' என்பார் பேரன். உண்மை. அரசாங்கம் கூப்பிட்டுக் கொடுத்தது. வேர் பின்னிக் கிடந்த மண்ணைப் புரட்டிப் பயிராக்கினார். மனசாட்சி இல்லாத ஆளும் இல்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் பைபிள் படித்து வழிபாடு நடத்துகிறார் என்று வழக்குப் போட்டு, 1902-ல் நெப்ராஸ்கா சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தவர் ஃப்ரீமேன். தன் உரிமை எது என்று நன்றாகத் தெரிந்த மனிதர். பத்திரம் சுத்தம். வில்லங்கம் பத்திரத்துக்கு முந்தைய கதையில்.

தாத்தா செய்ததற்குப் பேரனைக் கூண்டில் ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிறப்பதற்கு முன் நடந்ததற்கு யார் குற்றவாளி? ஆனால் கடன் வேறு, குற்றம் வேறு. சொத்துக்கு வாரிசாக வருகிறவர், 'நிலத்தை என் பேரில் எழுதுங்கள், பாக்கியைச் செத்துப்போனவரிடம் கேளுங்கள்' என்று சொன்னால் எந்த ஊரிலும் சிரிப்பார்கள். வந்த சொத்தின் அளவுக்காவது பாக்கிக்கும் பொறுப்பு உண்டு. பெருமைக்கும் அதே கணக்குதான். '400 பீச் மரம் நட்டது எங்கள் தாத்தா' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறவர், அதே தாத்தா காலத்தில் பக்கத்தில் நடந்ததற்கு மட்டும் 'நான் அப்போது பிறக்கவே இல்லையே' என்றால் எப்படி?

இந்தப் பாக்கியை அரசாங்கமே ஒருவிதத்தில் ஒப்புக்கொண்டது. ஓட்டோ-மிசூரியா மக்கள் தொடுத்த வழக்கில், பட்டா இல்லாவிட்டாலும் காலம் காலமாக இருந்த நிலத்துக்கு நஷ்டஈடு உண்டு என்று 1955-ல் தீர்ப்பு வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விலை, நிலம் பறிபோன காலத்து விலை. நடுவில் ஓடிப்போன நூறு வருடத்துக்கு வட்டி? கிடையாது. எந்த பேங்க் மேனேஜராவது இப்படிக் கடனைத் தீர்க்க விடுவாரா, சொல்லுங்கள்.

1908-ல் இறந்த ஃப்ரீமேனின் கல்லறை அவர் நிலத்திலேயே இருக்கிறது. அந்த இடம் இன்று தேசியப் பூங்கா. வாசலில் மாநிலங்களின் வடிவத்தில் உலோகத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. இந்தச் சட்டப்படி எவ்வளவு நிலம் கை மாறியதோ, அந்த அளவுக்கு ஒவ்வொரு தகட்டிலும் ஓட்டை போட்டிருக்கிறார்கள். நெப்ராஸ்காவின் தகட்டில் கிட்டத்தட்டப் பாதி இல்லை. ஒரு தாத்தா பேரனை அங்கே கூட்டிக்கொண்டு போய், இது நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைத்தது என்று தாராளமாகச் சொல்லலாம். பொய்யில்லை. யாரிடமிருந்து கிடைத்தது தாத்தா என்று பையன் கேட்டால், அந்தப் பெயரையும் சொல்லிவிட வேண்டும். இப்போது அவர்கள் ஒக்லஹோமாவில் ரெட் ராக் என்ற ஊரில் இருக்கிறார்கள் என்பதையும்.