காபியைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாதீர்கள்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வரும் பெரியவரை ஆரத்தி எடுத்து வரவேற்கிறோம். ஆட்டுக்கால் சூப் கொதிக்கிறது. அடுத்து நாம் சொல்வது என்ன? "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், பேசாம படுங்க."

பாசத்தில் வரும் சொல்தான். ஆனால் அதே நோயாளியை மருத்துவர் அறுவை செய்த அன்றோ மறுநாளோ எழுப்பி நிற்க வைத்திருப்பார். உலோகப் பந்தும் பாலிதீன் கிண்ணமும் சேர்ந்த செயற்கை மூட்டை இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி 1962-ல் செம்மைப்படுத்தினார். இன்று பலருக்கு அது இருபது ஆண்டுகள் தாண்டியும் உழைக்கிறது. மூட்டை மருத்துவர் பொருத்திவிடலாம். ஆனால் சுற்றியுள்ள தசைக்கு வலு வருவது நடையால்தான். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடுகிறது. கெண்டைக்காலில் வீக்கமும் வலியும் கண்டால் எண்ணெய் தேய்த்து நீவிவிடாதீர்கள்; உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

நம் வீடுகளில் சிக்கல் தரையில் இருக்கிறது. பாயில் படுப்பது, சம்மணமிட்டுச் சாப்பிடுவது, மணையில் அமர்ந்து பூஜை செய்வது என்று பாதி வாழ்க்கை தரையோடுதான். முதல் சில வாரங்களில் இடுப்பை அதிகம் மடக்கினாலோ கால்மேல் கால் போட்டாலோ புது மூட்டு நழுவக்கூடும். எது கூடாது, எத்தனை வாரம் என்பது அறுவை செய்த முறையைப் பொறுத்தது. மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி வைத்த உயரமான நாற்காலி வேண்டும். கழிப்பறை இருக்கையை உயர்த்த வேண்டும். வழியில் கிடக்கும் மிதியடிகளைச் சுருட்டி வையுங்கள். கீழ்த்தட்டில் இருக்கும் சாமான்கள் கைக்கெட்டும் உயரத்துக்கு வரட்டும். குளியலறை ஈரமில்லாமல் இருக்கட்டும். இதெல்லாம் மருமகள் வேலை என்று நினைக்கும் மகன்களுக்கு ஒரு வார்த்தை: ஆஸ்பத்திரி பில்லைக் கட்டியதோடு உங்கள் பங்கு முடிந்துவிடவில்லை. இரவில் பெரியவர் எழும்போது கூட எழுவதற்கும் ஆள் வேண்டும். ஒருவரே எல்லாம் பார்த்தால் அவரும் படுத்துவிடுவார்.

நடக்கும்போது தாங்கிப் பிடித்து இழுக்காதீர்கள். கைத்தடிக்கு மாறியதும், அறுவை செய்த காலுக்கு எதிர்க்கையில் கொடுங்கள். பல வீடுகளில் பக்கம் மாறிவிடுகிறது. படியேற நல்ல கால் முதலில், இறங்க அறுவை செய்த கால் முதலில்.

வலிக்கிறது என்பார். விழுந்துவிடுவோமோ என்று பயப்படுவார். அதட்ட வேண்டாம், அதற்காக நடையை நிறுத்தவும் வேண்டாம். வலி மாத்திரை போட்ட சற்று நேரத்தில் நடந்தால் சுலபமாக இருக்கும்.

இன்று உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், காபியைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். கூடத்துக்கு வரச் சொல்லுங்கள். வரும்வரை பக்கத்திலேயே நடந்து வாருங்கள்.