எனக்கு ஒன்று, அவருக்குப் பதினைந்து

நம்ம ஊரில் சாலை விபத்துக்குத் தீர்ப்பு வர இரண்டு நிமிடம்கூட ஆகாது. காரும் பைக்கும் மோதினால் கார்க்காரன் தப்பு. பைக்கும் சைக்கிளும் மோதினால் பைக்காரன் தப்பு. சைக்கிளும் நடந்து போகிறவரும் மோதினால் சைக்கிள்காரன் தப்பு. யார் ராங் சைடில் வந்தது, சிக்னல் யாருக்கு விழுந்திருந்தது என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. கார் வாங்கிய முதல் மாதத்திலேயே நானும் எல்லோரையும் போல இந்த விதியைக் கிண்டலடிக்கப் பழகிக்கொண்டேன். "நியூட்டனே வந்தாலும் நம்ம டீக்கடைக் கோர்ட்டுல தோத்துருவார்" என்று ஆபீஸ் லஞ்ச் மேஜையில் சொல்லிச் சிரிக்கவும் வைத்திருக்கிறேன்.

போன வருஷம் ஒரு காலை. ஓ.எம்.ஆர். சர்வீஸ் சாலை, ஆறே முக்கால் மணி. நைட் ஷிஃப்ட் முடித்துக்கொண்டு ஒரு செக்யூரிட்டி பெரியவர் சைக்கிளில் சந்துக்குள்ளிருந்து நேராகச் சாலைக்கு வந்தார். இடமும் பார்க்கவில்லை, வலமும் பார்க்கவில்லை. பிரேக்கை மிதித்தேன். முழுக்க நிற்பதற்குள் பம்பர் அவரைத் தொட்டுவிட்டது. எனக்கு ஒரு குலுக்கல், அவ்வளவுதான். கப் ஹோல்டரில் இருந்த காபிகூடச் சிந்தவில்லை. அவருக்குக் காரை எலும்பு உடைந்தது.

டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். "கார் இருந்தா கண்ணு தெரியாதா சார்?" வழக்கமான தீர்ப்பு. நான் வாதாடத் தயாராகும்போது, தரையில் உட்கார்ந்தபடியே பெரியவர் சொன்னார்: "இல்லப்பா, அவர ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் பாக்காம வந்துட்டேன். மன்னிச்சுக்கங்க தம்பி."

அந்த மன்னிப்பை நான் வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், பில் கட்டினேன், கையில் கொஞ்சம் பணம் கொடுத்தேன். போலீஸ் வேண்டாம் என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. அன்று இரவு மனைவியிடம் சொல்லும்போது "தப்பு அவருதுதான், அவரே ஒத்துக்கிட்டார்" என்று ஆரம்பித்தேன். அந்த ஆரம்பம்தான் அப்புறம் பல நாள் தொண்டையில் நின்றது.

தூக்கம் வராத ஒரு ராத்திரி, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். என்னோடு சேர்த்து கார் 1,125 கிலோ. சைக்கிளோடு சேர்த்து அவர் 75 கிலோ. பிரேக் அடித்த பிறகு, தொட்ட கணத்தில் என் வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் குறுக்கே வந்தவர் என்பதால் நான் போன திசையில் அவர் வேகம் பூஜ்யம். நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் உந்தம். மோதலுக்கு முன்னால் இருந்த மொத்த உந்தம்தான் மோதலுக்குப் பின்னாலும் இருக்கும். இரண்டும் ஒரு கணம் ஒட்டி நகர்ந்ததாக எடுத்துக்கொண்டால் பொது வேகம் 15 வருகிறது. அதாவது நான் இழந்தது ஒன்று. அவர்மேல் ஏறியது பதினைந்து.

உண்மையில் ஒட்டிக்கொண்டு நகரவில்லை, அவர் தெறித்து விழுந்தார். ஆனால் மோதல் எப்படி நடந்தாலும் இந்த ஒன்றுக்குப் பதினைந்து மாறாது. அது நிறைகளின் விகிதம்.

இதில் என்னை உறுத்தியது நியூட்டனின் மூன்றாம் விதி. நான் அவரை எவ்வளவு விசையோடு இடித்தேனோ, சரியாக அதே விசையோடு அவரும் என்னை இடித்தார். அதே நேரம் இடித்தார். விசையையும் நேரத்தையும் பெருக்கினால் வருவது கணத்தாக்கு. அதுவும் இருவருக்கும் சமம், துளி வித்தியாசமில்லை. பரீட்சையில் இப்படி எழுதினால் முழு மார்க். டீக்கடை முன்னால் சொன்னால் அடி விழும். அடிப்பவர்கள் அறிவியல் தெரியாதவர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"ரெண்டு பக்கமும் அடி", "கை தட்டுனா ரெண்டு கையும்தான்" என்று எத்தனை சண்டைகளை நாம் இப்படிச் சமப்படுத்துகிறோம்! வீட்டில், ஆபீஸில், ஊர்ச் சண்டையில். விசை சமம் என்பது உண்மையாகவே இருக்கலாம். அதே விசை 1,125 கிலோவை என்ன செய்கிறது, 75 கிலோவை என்ன செய்கிறது என்பது அடுத்த வரி. அந்த வரிக்குப் போகாமல் நிறுத்திக்கொள்வதுதான் வசதியானவர்களின் நடுநிலை.

சரி, அப்போ யார் யாரை மோதியது? பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்துக்காரரான கிறிஸ்டியான் ஹைகன்ஸ் இதைப் பற்றி அழகாக யோசித்திருக்கிறார். அமைதியாகப் போகும் படகில் ஒருவர், நூலில் தொங்கும் இரண்டு பந்துகளைச் சம வேகத்தில் மோதவிடுகிறார். அவருக்கு இரண்டு பந்தும் ஒன்றையொன்று தேடி வந்து மோதுகின்றன. படகின் வேகம் சரியாக அமைந்தால், கரையில் நிற்பவருக்கு ஒரு பந்து சும்மா நிற்கிறது, இன்னொன்று வந்து அதை இடிக்கிறது. ஒரே மோதல்தான். இடித்தது யார், இடிபட்டது யார் என்பது மட்டும் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறிவிடுகிறது. ஹைகன்ஸ் இறந்து எட்டு வருஷம் கழித்து, 1703-இல்தான் அந்தப் புத்தகம் அச்சாகி வந்தது.

என் காரிலிருந்து பார்த்தால் அவர்தான் என்னை நோக்கி 16 கிலோமீட்டர் வேகத்தில் வந்தார். மனைவியிடம் நான் சொன்ன கதை காருக்குள் உட்கார்ந்து சொன்ன கதை. அதில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது, இதைக் கல்லூரியில் யாரும் அழுத்திச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. படகில் இருப்பவருக்கும் கரையில் நிற்பவருக்கும் உந்தத்தின் அளவு வேறு, இயக்க ஆற்றலின் அளவும் வேறு. மோதலில் தொலைந்துபோன ஆற்றல் மட்டும் இரண்டு பேர் கணக்கிலும் ஒரே எண்ணாக வருகிறது. எங்கள் விஷயத்தில் சுமார் 700 ஜூல். சாலையிலிருந்து கணக்குப் போட்டாலும் 700, காரிலிருந்து போட்டாலும் 700. அந்த 700-தான் சத்தமாகவும், வளைந்த ஹேண்டில்பாராகவும், உடைந்த எலும்பாகவும் ஆனது. யார் மோதினார்கள் என்பது பார்வைக்குப் பார்வை மாறும். எவ்வளவு நொறுங்கியது என்பது மாறாது.

டீக்கடைக் கோர்ட் இந்த மாறாத எண்ணிலிருந்துதான் விசாரணையைத் தொடங்குகிறது. பழி யாருக்கு என்று கேட்பதற்கு முன்னால் கீழே கிடப்பது யார் என்று பார்க்கிறது. அவர்கள் வார்த்தையில்தான் குழப்பம்; "தப்பு" என்கிறார்கள். "பொறுப்பு" என்று சொல்லியிருக்கலாம். கவனிக்காமல் வந்தது அவர் தப்புதான், இப்போதும் சொல்வேன். ஆனால் மோதினால் ஒன்றுக்குப் பதினைந்து என்ற கணக்கு, நான் சாவியைத் திருகும்போதே முடிந்துபோன கணக்கு. அவர் சந்திலிருந்து வருவதற்கு முன்பே அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இஞ்சினியரிங் படித்தவனுக்கு நிச்சயமாக.

வேகத்தையும் சொல்ல வேண்டும். 15 கிலோமீட்டர் என்பது மூன்றடி உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது வரும் வேகம். நான் பிரேக் அடிக்காமல் 32-இல் போயிருந்தால் அவர்மேல் ஏறியிருப்பது 30. அது கிட்டத்தட்ட பன்னிரண்டு அடி, முதல் மாடி பால்கனி. வேகம் இரண்டு மடங்கு, விழும் உயரம் நான்கு மடங்கு. 1720-களில் ஸ்கிராவசாண்டே என்ற இன்னொரு ஹாலந்துக்காரர் உலோக உருண்டைகளைக் களிமண்ணில் போட்டுப் பள்ளங்களை அளந்து பார்த்ததும் இதைத்தான். களிமண்ணில் பார்க்க நன்றாக இருக்கும்.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அது நியாயமானதும்கூட. லாரியில் வந்து மோதும் வீலிங் பையனுக்கு லாரி டிரைவர் எதற்குப் பொறுப்பு? லாரிதான் பெரிது, டிரைவர் பெரிய ஆள் இல்லை. நிறை வண்டியுடையது, தர்ம அடி ஓட்டுகிறவருக்கு. டீக்கடைக் கோர்ட் சறுக்கும் இடம் இது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் இங்கே அதைவிடத் தெளிவாக யோசித்திருக்கிறது. அதன் 140-ஆம் பிரிவில், மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால், தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே வண்டியின் உரிமையாளர் ஒரு தொகை தர வேண்டும். அடிபட்டவரே கவனக்குறைவாக இருந்தார் என்பதற்காக அதைக் குறைக்கவும் முடியாது. 2019 திருத்தத்தில் இது 164-ஆம் பிரிவாகி, கொடுங்காயத்துக்கும் பொருந்துகிறது: இரண்டரை லட்சம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம்.

இதைப் படித்தது விபத்து நடந்து மூன்றாவது வாரம். அந்தச் சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன்.

தூளியில் கை. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மகோல் செய்வதெல்லாம் ஒன்றுதான்: அதே கணத்தாக்கைக் கொஞ்சம் அதிக நேரத்துக்குப் பரப்பி, விசையைக் குறைக்கிறது. எனக்கு எலும்பு உடைந்திருந்தால் மெடிக்கல் லீவ், இன்சூரன்ஸ், ஒர்க் ஃப்ரம் ஹோம் என்று என் வாழ்க்கை முழுக்கத் தெர்மகோல். அவர் வீட்டில் அரிசி டப்பாவுக்கும் அந்த மாதச் சம்பளத்துக்கும் நடுவில் எதுவும் இல்லை.

"சைக்கிள் ஹேண்டில் கோணிடுச்சு. அத மட்டும் சரி பண்ணிக் குடுத்தா போதும் தம்பி. தப்பு என்மேலதான."

"சட்டப்படி உங்களுக்கு ஒரு தொகை வரணும்யா. என் வண்டி இன்சூரன்ஸ்ல இருந்து வரும். அதுக்கு முதல்ல போலீஸ்ல எழுதிக் குடுக்கணும், நான் கூட வரேன்."

"தப்பு பண்ணவனுக்கா?"

"அதுல தப்பு யாருதுன்னே கேக்க மாட்டாங்க."

என்னைக் கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்தார். "வேற என்னத்த கேப்பாங்க?"

"யாருக்கு எலும்பு உடைஞ்சதுன்னு கேப்பாங்க."

அவர் மனைவி டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தார். பெரியவர் தூளியைச் சரிசெய்துகொண்டு, "ஞாயித்துக்கிழமை மருமகன் வருவான்" என்றார். "அவன்கிட்ட ஒரு தடவ சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டான்."