ஆளில்லாத படம்

கேமராவைத் தலைகளுக்கு மேலே உயர்த்துங்கள். அரிசோனாவில் உள்ள ஆன்டலோப் கேன்யனுக்குப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு முதலில் சொல்லப்படுகிற யோசனை இது. அடுத்தது, குழுவில் கடைசி ஆளாக நில்லுங்கள். முன்னால் போகிறவர்கள் வளைவில் மறைந்ததும், பின்னால் வருகிற குழு வந்து சேர்வதற்குள் உங்களுக்குச் சில விநாடிகள் கிடைக்கும். ஃபிளாஷ் வேண்டாம், அது பாறையின் மடிப்புகளைத் தட்டையாக்கிவிடும். வானத்தைச் சட்டகத்துக்குள் விடாதீர்கள். உள்ளே இருட்டு, மேலே வெயில், இரண்டையும் ஒரே படத்தில் அடக்க முயன்றால் மேல்பகுதி வெளுத்துப்போகும். உள்ளே லென்ஸ் மாற்றாதீர்கள், மேலிருந்து மணல் உதிர்ந்துகொண்டே இருக்கும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் கேமரா அந்த ஆரஞ்சு நிறத்தைக் கோளாறு என்று நினைத்துச் 'சரி' செய்துவிடும்.

எல்லாம் உபயோகமான யோசனைகள்தான். தங்கை ஃபீனிக்ஸில் இருக்கிறாள். அவளோடு ஒரு மே மாதம் அங்கே போனபோது இவற்றை மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். ஆனால் வரிசையாகப் படித்துப் பார்த்தால், பாதிக்குப் பாதி ஒரே காரியத்துக்கான பயிற்சி என்று தெரியும்: அங்கே இருக்கிற மனிதர்களை இல்லாமல் செய்வது எப்படி.

இதில் ஒரு தார்மீகக் கேள்வி இருக்கிறதா என்று தங்கை சிரித்தாள். வாசலில் போட்ட கோலத்தைப் படம் எடுக்கிறோம், போட்ட கையையும் சேர்த்தா எடுக்கிறோம் என்றாள். நல்ல கேள்வி. பதில் சொல்ல எனக்கு நாளாயிற்று.

ஸ்லாட் கேன்யன் என்பது மணற்பாறையை வெள்ளம் அறுத்து அறுத்து உண்டாக்கிய ஒடுக்கமான பிளவு. சில இடங்களில் ஒருவர் ஒதுங்கினால்தான் இன்னொருவர் போகமுடியும். வெயில் நேராக உள்ளே வருவதில்லை. ஒரு சுவரில் பட்டு எதிர்ச்சுவருக்குத் தாவி, அங்கிருந்து மறுபடியும் தாவி, இறங்க இறங்க மஞ்சள் ஆரஞ்சாகி, சிவப்பாகி, நிழலில் ஊதாவாகிறது. மேல் ஆன்டலோப்பில், ஏறக்குறைய மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை, நண்பகலை ஒட்டிக் கொஞ்ச நேரத்துக்கு ஒளிக்கற்றை தூண்போலத் தரை வரை இறங்கும். உலகமெங்கும் காலண்டர்களில் தொங்குவது அந்தத் தூண்தான்.

அந்தத் தூண் வெறும் ஒளியால் ஆனதில்லை. தூசி இல்லாத காற்றில் ஒளிக்கற்றை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே வழிகாட்டி குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி மேலே வீசுகிறார். மணல் மிதக்கிற நேரத்துக்குள் எல்லாரும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வழிகாட்டி ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். வீசிவிட்டு உடனே இரண்டடி பின்வாங்கி வளைவுக்குள் போய்விடுவார், படத்தில் விழாமலிருக்க. மறுபடி வருவார், மறுபடி வீசுவார். நாங்கள் உள்ளே இருந்த நேரத்தில் எத்தனை பிடி என்று எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். தோள் வலிக்காதா என்று கேட்டதற்கு, "சீசன் முடிந்தால் சரியாகிவிடும்" என்றார்.

அவர் செய்தது அது மட்டுமல்ல. ஒவ்வொருவரின் ஃபோனையும் வாங்கி, நிறத்தைக் கொஞ்சம் சூடாக மாற்றிக் கொடுத்தார். எங்கே நின்று எந்தக் கோணத்தில் பிடித்தால் பாறை இதயம்போலத் தெரியும், எங்கே கரடிபோலத் தெரியும் என்று காட்டினார். சிலருடைய ஃபோனில் அவரே படத்தையும் எடுத்துக் கொடுத்தார். என்னிடம் இருக்கும் படங்களில் நல்லவை நான்கு என்றால், மூன்றை எடுத்த கண் அவருடையது. ஊருக்கு வந்து காட்டியபோது "நீ எடுத்ததா?" என்றார்கள். சட்டப்படி பார்த்தால் ஆமாம், பட்டனை அழுத்தியது நான்.

டிப்ஸ் என்ற சொல்லுக்கு நம் பேச்சில் இரண்டு அர்த்தம். படம் எடுப்பதற்கான டிப்ஸ், வழிகாட்டிக்குக் கொடுக்கிற டிப்ஸ். முதலாவதை எழுதியவர் பெயரோடு பகிர்கிறோம். இரண்டாவதை மடித்துக் கையில் திணித்துவிட்டு வண்டி ஏறுகிறோம். சமையலறைக்குள்ளேயே வாழ்நாள் போன பெண்களைப் பற்றி நாம் இத்தனை காலம் எழுதியதெல்லாம் இதுதானே: வேலை நன்றாக நடந்திருக்கிறது என்பதற்கு அடையாளமே, செய்தவர் கண்ணில் படாமலிருப்பது.

இந்த வெறுமைக்கு விலையும் இருந்தது. 2019 இறுதி வரை டிரைபாட் வைத்துப் படம் எடுப்பவர்களுக்கென்று தனிச் சுற்றுலா நடந்தது. கட்டணம் அதிகம். அவர்கள் படம் எடுத்து முடிக்கும்வரை சாதாரணக் கட்டணக்காரர்களை வழிகாட்டிகள் வளைவுக்கு அப்பால் நிறுத்தி வைப்பார்கள். காலியாக இருக்கும் இரண்டு நிமிடத்தைக் காசு கொடுத்து வாங்க முடிந்தது. நிறுத்தப்பட்டவர்கள் அந்தப் படங்களில் ஒரு நிழலாகக்கூட இல்லை. 2014இல் பீட்டர் லிக் என்ற ஒளிப்படக்காரரின் 'ஃபேன்டம்' என்ற படம் 65 லட்சம் டாலருக்கு விற்றதாக அறிவிப்பு வந்தது. இதே கேன்யன்தான். கறுப்பு வெள்ளையில், ஒளிக்கற்றையில் மிதக்கும் தூசி ஓர் ஆவியின் உருவம்போலத் தெரியும். வாங்கியவர் பெயர் வெளியிடப்படவில்லை என்பதால் விலையைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. ஆளே இல்லாத இடத்தில் ஆவி மட்டும் இருப்பது பற்றி, நான் படித்த வரையில், யாரும் கவலைப்படவில்லை.

இனி அந்த இடம் யாருடையது என்பதற்கு வருகிறேன். அது நவஹோ நேஷனின் நிலம். அவர்கள் தங்களை டினே என்று சொல்லிக்கொள்கிறார்கள். மேல் கேன்யனுக்கு அவர்கள் மொழியில் உள்ள பெயருக்குப் பாறைகளுக்குள் நீர் ஓடும் இடம் என்று பொருள். டினே சமூகத்தில் குலம் தாய்வழி. எங்கள் வழிகாட்டியும் தன்னை அறிமுகப்படுத்தியபோது முதலில் அம்மாவின் குலத்தைச் சொன்னார், பிறகுதான் அப்பாவுடையது. சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லப்படுகிற ஒரு கதை உண்டு: 1931இல் பன்னிரண்டு வயது நவஹோச் சிறுமி ஒருத்தி ஆடு மேய்க்கும்போது இந்தப் பிளவைக் 'கண்டுபிடித்தாள்' என்று. அந்த வினைச்சொல் எனக்கு உறுத்துகிறது. உள்ளே நுழையும் முன் நின்று மனதைச் சாந்தப்படுத்திக்கொள்ளும் வழக்கம் அவர்களில் பெரியவர்களுக்கு உண்டு என்று நவஹோக்களே சொல்கிறார்கள். நின்று வணங்கத்தக்க இடம் கண்டுபிடிக்கப்படாத இடமாக எப்படி இருந்திருக்கும்?

கதை சொல்லாமல் விடுகிற இன்னொன்று அந்த ஆடுகளுக்கு என்ன ஆயிற்று என்பது. ஆடுகளில் பெரும்பங்கு பெண்களின் சொத்து. அம்மாவிடமிருந்து மகளுக்கு வருவது. 1933 முதல் அமெரிக்க அரசு, மேய்ச்சலால் மண் அரிக்கிறது, அரித்த மண் அணைக்கட்டில் போய்ச் சேரும் என்று காரணம் சொல்லி, நவஹோக்களின் மந்தைகளைக் குறைக்கச் சொன்னது. ஆயிரக்கணக்கான வெள்ளாடுகள் சுடப்பட்டு அங்கங்கே போடப்பட்டன. அரசு பேச்சு நடத்தியது ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த கவுன்சிலோடு. மந்தைக்கு உரியவர்களான பெண்களை யாரும் கேட்கவில்லை. மார்ஷா வைசிகர் என்ற வரலாற்றாசிரியர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஆக, அந்தச் சிறுமியின் கதைக்கு இரண்டே வருடம் கழித்து, அவளைப் போன்றவர்களின் ஆடுகள் கணக்கிலிருந்து எடுக்கப்படுகின்றன. நிலத்தைக் காலி செய்வது கேமராவோடு ஆரம்பித்ததில்லை.

ஆனால் கேமரா துணைபோனது. 1904இல் எட்வர்ட் கர்ட்டிஸ் நவஹோக்கள் சிலர் குதிரையில் இருட்டை நோக்கிப் போவதை முதுகுப்பக்கமிருந்து எடுத்தார். தலைப்பு 'மறையும் இனம்'. அவர்கள் மறையவில்லை, இன்று நான்கு லட்சம் பேரைத் தாண்டுகிறார்கள். வேறொரு பழங்குடியினரின் கூடாரத்தில் எடுத்த படத்திலிருந்து ஒரு கடிகாரத்தையே கர்ட்டிஸ் நீக்கினார். பழங்குடி என்றால் கடிகாரம் இருக்கலாகாதாம். இன்று நாம் ஃபோனில் ஒரு விரலால் ஆட்களை நீக்குகிறோம்.

லாரா கில்பினை இங்கே நினைத்துக்கொள்வேன். 1930இல் நவஹோ நாட்டுக்கு முதலில் வந்தவர். தோழி எலிசபெத் ஃபார்ஸ்டர் அங்கே செவிலியராக வேலை பார்த்தார். அந்தத் தோழியின் வழியாகத்தான் லாராவால் வீடுகளுக்குள் போக முடிந்தது. கேமராவுக்கு முன்னால் காய்ச்சலுக்கு மருந்து போயிற்று. 1950களில் பழைய முகங்களைத் தேடி மறுபடியும் போனார். புத்தகம் வந்தது 1968இல், தலைப்பில் 'நிலைத்திருக்கும் நவஹோ' என்று. பெண் எடுத்தாள் என்பதாலேயே பார்வை தூய்மையாகிவிடாது. அவரும் வெளியாள்தான். ஆனால் மறையும் என்ற சொல்லுக்கும் நிலைத்திருக்கும் என்ற சொல்லுக்கும் நடுவில் முப்பத்தெட்டு வருடத்துப் போக்குவரத்து இருக்கிறது. ஒன்றரை மணி நேரச் சுற்றுலாக்காரியான எனக்கு அது ஏது?

அப்படியானால் வழிகாட்டியைப் படத்துக்குள் நிறுத்திவிட்டால் நியாயமாகிவிடுமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். மணலை வீசும்போது உங்களை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "என் முகம் ஏற்கெனவே யார் யார் வீட்டிலோ இருக்கிறது. கேட்டு எடுத்தவர்கள் கொஞ்சம்." பெயரையாவது குறித்துக்கொள்ளவா என்றதற்கும் தலையாட்டி மறுத்தார். அதனால்தான் இங்கேயும் அவருக்குப் பெயர் இல்லை.

இந்த இடத்தில்தான் என் தத்துவம் தடுமாறுகிறது. மறைக்கப்படுவது அநியாயம் என்று பேசிப் பழகியவள் நான். காட்டப்படுவதும் அநியாயமாக இருக்க முடியும் என்பதை, நூறாண்டுகளாக வேடிக்கைப் பொருளாக நிறுத்தப்பட்ட சமூகத்துப் பெண் எனக்கு ஒரு தலையாட்டலில் சொல்லிவிட்டார். வளைவுக்குள் பின்வாங்குவது அவருக்கு வேலையின் ஒரு பகுதி, ஒருவேளை ஓய்வும்கூட. காலியான படத்தைக் கேட்டுத்தான் கூட்டம் வருகிறது, கூட்டம் வந்தால்தான் அவர் வீட்டில் அடுப்பெரியும். 2020 மார்ச்சில் தொற்றுக்காகப் பூங்காக்கள் மூடப்பட்டு, கேன்யன் உண்மையாகவே காலியாகக் கிடந்தது. அந்த வெறுமையை அவர் அழகு என்று சொல்லவில்லை.

தங்கைக்கு நான் கண்டுபிடித்த பதில் இவ்வளவுதான். கோலத்தின் படத்தில் கை இல்லாவிட்டாலும் அதை யாரோ போட்டார்கள் என்பது பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். கேன்யனின் படம் தன்னை யாரும் தொடவில்லை என்று சொல்கிறது; கன்னி நிலம் என்று அதை வர்ணிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அந்த உவமையை ஆரம்பித்தது யார் என்று நமக்குத் தெரியும். ஆளை விட்டுவிட்டு எடுப்பது வேறு, ஆளே இல்லை என்று சாட்சி சொல்வது வேறு. முதலாவதில் எனக்குக் குற்றவுணர்வு இல்லை. இரண்டாவதற்கு மருந்து படத்துக்குள் இல்லை. படத்தோடு சேர்த்து நாம் சொல்கிற வார்த்தையில் இருக்கிறது.

சொல்லாமல் விட்டால் என்ன நஷ்டம் என்பவர்களுக்கு 1997 ஆகஸ்ட் 12ஆம் தேதியைச் சொல்வேன். கீழ் ஆன்டலோப்பில் பெரிய மழை இல்லை. பல மைல் தொலைவில் கொட்டிய மழை பிளவுக்குள் சுவராகப் பாய்ந்து வந்து, பதினொரு பயணிகள் இறந்தார்கள். அதன் பிறகு இரும்பு ஏணிகள் அறையப்பட்டன. வானிலை எச்சரிக்கை வானொலி வந்தது. வழிகாட்டி இல்லாமல் இன்று யாரும் உள்ளே நுழைய முடியாது. எங்களை உள்ளே விடுமுன் அந்தப் பெண் இரண்டு முறை வானிலையைக் கேட்டார், தூரத்து மேகத்தைக் கையால் வெயிலை மறைத்துப் பார்த்தார். எந்தப் படத்திலும் விழாத அந்தப் பார்வையால்தான் பன்னிரண்டு பேரும் நடந்து வெளியே வந்தோம்.

ஒரு படத்தை மட்டும் பிரிண்ட் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். பின்பக்கம் தேதியும், நவஹோ நேஷன் என்றும், 'மணல் வீசியவர் படத்துக்கு இடப்பக்கம் நிற்கிறார்' என்றும் எழுதி வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் ஆளே இல்லையே, எப்படிக் கிடைத்தது என்று கேட்பார்கள். சட்டத்தைக் கழற்றித் திருப்பிக் காட்டுவேன். சிலர் படிக்கிறார்கள். சிலர் ஒளியைப் பற்றியே மறுபடி கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒயிட் பேலன்ஸ் பற்றியும் சொல்லித் தருகிறேன்.