யார் ஆப்தர்?

பெங்களூரின் நகர ரயில் நிலையத்திற்கு அருகே, தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பகுதி ஒக்கலிபுரம். 2012 ஆகஸ்ட் 15ஆம் நாள் இரவு அந்த ரயில் நிலையம் துயரம் மிக்க ஒரு காட்சியைக் கண்டது. அஸ்ஸாம் முதலிய வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர், கையில் அகப்பட்ட பைகளுடன் குவஹாத்தி செல்லும் ரயிலுக்காக நெருக்கியடித்து நின்றார்கள். அவர்களுள் காவலாளிகளும் உணவகப் பணியாளர்களும் மாணவ மாணவியரும் இருந்தனர். அவர்களைத் துரத்தியது ஆயுதமன்று, ஒரு சொல். ரம்ஜான் பண்டிகையை ஒட்டி வடகிழக்கு மக்கள் தாக்கப்படுவார்கள் என்ற செய்தி கைப்பேசிகளின் வழியே பரவியிருந்தது.

அந்த அச்சம் முற்றிலும் காரணமற்றது என்று கூற இயலாது. அதற்கு முந்தைய மாதம்தான் அஸ்ஸாமின் கோக்ரஜார் பகுதியில் மூண்ட வன்முறையால் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் வீடிழந்திருந்தனர். புனே நகரில் வடகிழக்கு இளைஞர் சிலர் தாக்கப்பட்டிருந்தனர். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டிப் பெங்களூரில் கலவரம் நிகழ்ந்தபோது, இந்நகரத் தமிழர்களும் அஞ்சி வெளியேறியதுண்டு. வதந்தி பொய்யினால் மட்டும் வளர்வதில்லை. உண்மையான ஒரு காயத்தின்மீது வந்து அமரும்போதுதான் அது வலிமை பெறுகிறது.

பிறரை இணங்க வைக்கும் பேச்சின் உத்திகள் பலவும் அச்சிறு செய்தியில் அடங்கியிருந்தன. நாள் குறித்ததால், சிந்திக்க அவகாசம் இல்லாமற் போயிற்று. 'நம்மவர்', 'அவர்கள்' என்று அது உலகை இரண்டாகப் பிளந்தது. வேறெங்கோ எடுக்கப்பட்ட படங்கள் சான்றுகளாகக் காட்டப்பட்டன. பிறகு, நிலையத்தில் திரண்ட கூட்டமே புதிய சான்றாயிற்று. இத்தனை பேர் ஓடும்போது நாம் மட்டும் தங்கலாமா என்ற கேள்விக்கு யாரிடமும் விடையில்லை. மாநில அமைச்சர்கள் நேரில் சென்று தைரியம் கூறியும் பலர் ரயில் ஏறினார்கள். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதற்கு மத்திய அரசு 15 நாள் தடை விதித்தது. செய்தி எச்சரித்த அந்தப் பெருந்தாக்குதல் பெங்களூரில் நிகழவேயில்லை. ஆயினும் வேலையையும் படிப்பையும் விட்டுச் சென்றவர்களின் இழப்பு உண்மையே.

இங்கு ஓர் அறக்கேள்வி எழுகிறது. அப்பொய்யை முதலில் புனைந்தவன் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. ஆனால் பெரும்பாலோர் அதைக் கேட்டது அவனிடமிருந்து அன்று. ஊரிலிருந்து பேசிய தாய், அண்ணன், ஒரே அறையில் தங்கிய தோழன் ஆகியோரே அதைச் சொன்னார்கள், அன்பினால் சொன்னார்கள். அவர்களுக்கும் பொறுப்பு உண்டா?

தமிழ் வழக்கில் 'ஆப்தர்' என்றால் நெருங்கிய நண்பர். நியாய தரிசனத்திலோ அச்சொல், எவருடைய வாக்கைப் பிரமாணமாகக் கொள்ளலாமோ அவரைக் குறிக்கும். நியாய சூத்திரத்திற்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர் ஆப்தருக்கு மூன்று இலக்கணங்களைக் கூறுகிறார்: பொருளை நேரே அறிந்திருத்தல், உயிர்களிடம் கருணை, உள்ளதை உள்ளபடி உரைக்கும் விருப்பம். அந்தத் தாயிடம் கருணை இருந்தது. பொய் சொல்லும் எண்ணம் இல்லை. ஆனால் நேரறிவு இல்லை. முதல் பொருளில் ஆப்தராக இருந்தவர் இரண்டாம் பொருளிலும் ஆப்தராகக் கொள்ளப்பட்டார். வதந்தி நுழைந்த வாசல் அதுவே.

வாத்ஸ்யாயனர் மேலும் ஒன்று கூறுகிறார். இவ்விலக்கணம் ரிஷிகளுக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே. அதாவது, 'நம்மவர்' என்பது நம்பகத்தன்மையின் அடையாளமன்று. அந்த நாட்களில் பெங்களூரின் தெருவில் என்ன நடக்கிறது என்பதைத் தொலைதூரத்து உறவினரைவிட, அத்தெருவிலேயே கடை வைத்திருக்கும் வேற்று மதத்தவர் நன்கு அறிந்திருப்பார். 'அஞ்சாதே, இங்கு ஒன்றுமில்லை' என்று அவர் சொல்லியிருந்தால், அவரே ஆப்தர். ஆனால் அச்சம், கேட்க வேண்டிய வாயையே பகைவனின் வாயாகக் காட்டிவிடுகிறது.

நேரறிவு மட்டும் இருந்தாலும் போதாது. குருக்ஷேத்திரத்தில் துரோணர், தம் மகன் இறந்தானா என்று யுதிஷ்டிரரைக் கேட்டார். அவர் பொய்யுரைக்க மாட்டார் என்ற நம்பிக்கையினால் கேட்டார். இறந்தது யானை என்பதை யுதிஷ்டிரர் அறிவார். அந்த ஒரு சொல்லை மட்டும் தாழ்ந்த குரலில் கூறினார். துரோணர் ஆயுதத்தைக் கீழே வைத்தார். தரையைத் தொடாமல் ஓடிய யுதிஷ்டிரரின் ரதம் மண்ணில் இறங்கியது. அங்கே குறைவுபட்டது மூன்றாவது இலக்கணம்.

கேட்பவர் தம் நம்பிக்கையைச் சொல்பவரிடம் அடைக்கலமாக வைக்கிறார். பேச்சின் ஆற்றல் முழுவதும் அந்த அடைக்கலப் பொருளிலிருந்தே வருகிறது. ஆகவே அன்பினால் சொன்னோம் என்பது பொறுப்பை நீக்குவதில்லை, கூட்டவே செய்கிறது. அந்நியரின் சொல்லை ஆராயும் மனம், அன்புடையவரின் சொல்லை ஆராயாமல் ஏற்கிறது. எனவே அவருக்காகவும் சேர்த்து ஆராய வேண்டியவர் சொல்பவரே.

கீதையின் 17ஆம் அத்தியாயம் வாக்கினால் செய்யும் தவத்தைக் கூறும்போது, பிறர் உள்ளத்தைக் கலங்கச் செய்யாமையையும் உண்மையையும் இனிமையையும் நன்மையையும் ஒருங்கே வேண்டுகிறது. ஆபத்தை எச்சரிப்பதும் சில நேரம் கடமையே. ஆனால் அதற்குமுன் 'இதை நான் அறிவேனா, கேள்விப்பட்டேனா?' என்று தன்னையே வினவுதல் வேண்டும். கேள்விப்பட்டதுதான் என்றால், அதையும் சேர்த்துச் சொல்லட்டும். அல்லது விசாரித்து அறியும்வரை மௌனமாக இருக்கட்டும். கைப்பேசியில் ஒரு விரல் தொடும் நேரத்தில் நூறு பேரைச் சென்றடையும் சொல்லுக்கு, அந்தச் சிறு தாமதமே இக்காலத்தின் வாக்குத் தவம்.