திருக்குளத் திருப்பணி



சித்தாந்த சாத்திரம் பயில்வாருள்ளும் சிலர், உலகம் மாயையின் காரியம் ஆகலின் அழியுந் தன்மையது. அதனைப் பேணுதலால் ஆன்மாவுக்கு ஆவதென்னை என வினவுகின்றனர். இவ்வினா ஆராயத்தக்கது.

மாயை நம் சித்தாந்தத்திற் பொய்த்தோற்றமன்று, அநாதியாயுள்ள மெய்ப்பொருளேயாம். அதனினின்றும் தனு கரண புவன போகங்களை இறைவன் தோற்றுவித்து உயிர்கட்கு அளித்தது மலபரிபாகத்தின் பொருட்டு. ஆகவே நிலமும் நீரும் எல்லா உயிர்க்கும் பொதுவாகிய சாதனங்கள். அவற்றை உடையான் பதியே; நாம் துய்க்கப் பெற்றோமேயன்றி உடையேமல்லேம். அன்றியும், ஐம்பூதம், ஞாயிறு, திங்கள், ஆன்மா என்னும் எட்டும் அட்டமூர்த்தியாகிய பெருமானுக்குத் திருமேனி. அவற்றை 'எனது' எனக் கொண்டு சிதைத்தல் ஆணவத்தின் செயலென்க.

நம் முன்னோர் இவ்வுண்மையை ஒழுக்கத்திற் கொண்டிருந்தனர். உத்தரமேரூர்ச் சபையார் ஏரி காத்தற்கென்றே ஏரி வாரியம் அமைத்திருந்தமை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுக்களாற் புலனாம். ஊரார் கூடித் தூரெடுக்கும் குடிமராமத்தும் வழக்கிலிருந்தது. பிற்காலத்து, ஏரி அரசினர் பொருளென ஊரார் கைவிட்டனர். கைவிட்டதனை மனையாக்கினாரும் உளர். 2017இல் அரசினர் குடிமராமத்தைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. 2015இல் வெள்ளத்தில் ஆழ்ந்த சென்னை மாநகரே 2019இல் ஏரிகள் வற்றிக் குடிநீர்க்கு வருந்திற்று. மழையின் மிகையும் குறையும் காரணமாயினும், நீர் தங்குமிடங்களையும் செல்லும் வழிகளையும் மக்கள் அடைத்தமையும் காரணமேயாம்.

தண்டியடிகள் நாயனார் புறக்கண் இலாதவர். திருவாரூர்த் திருக்கோயிலின் மேற்பாலுள்ள குளம் இடஞ் சுருங்கியதறிந்து, குளத்தின் நடுவே ஒரு தறியும் கரைமேல் ஒரு தறியும் நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண்ணைக் கல்லிச் சுமந்து கரையேற்றினார். குளங் கல்லுதல் சிவத்தொண்டாதற்கு இதனினும் சான்று வேண்டா.

இப்புராணத்தை யாம் முப்பதியாண்டாகப் பாடஞ் சொல்லி வருகின்றோம். எம்மூர்த் திருக்குளத்தின் வரத்துக்கால் குப்பையால் அடைபட்டுப் பல்லாண்டாயின. நாடோறும் அக்கரைவழியே சென்றும் ஒரு கூடை மண்ணும் எடுத்திலேம். கண்ணிலார் அறிந்ததனைக் கண்ணுடைய யாம் அறிந்திலேம். இக்குற்றத்தைப் பிறர்மேல் ஏற்றற்கு இடமில்லை.

ஆகலின், திருமடங்களைச் சார்ந்த அன்பர்களும் பாடசாலை மாணாக்கரும் ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன்னரே தத்தம் ஊர்த் திருக்குளத்தின் வரத்துக்காலைத் திருத்துவார்களாக. கால் திருந்தினாலன்றிக் குளத்தில் நீர் இல்லை. நீர் இன்றேல் தீர்த்தமும் தெப்பமும் யாண்டைய? இவ்வாண்டு எம்மூரில் யாமும் கூடையெடுத்து முன்னிற்கத் துணிந்தோம். பெருமான் திருவருள் துணைநிற்க.

திருச்சிற்றம்பலம்.