அறப்பொருள் திரட்டும் நெறி

அறஞ்செய்தற்குப் பொருள் வேண்டும் என்பது யாவரும் அறிந்தது. அப்பொருள் எந்நெறியில் வருதல் வேண்டும் என்பதே ஆராயற்பாலது. திருப்பணிக் கழகங்களும், அன்னதான சபைகளும், ஏழை மாணாக்கர்க்கு உதவும் நிலையங்களும் ஊர்தோறும் உளவாகின்றன. அவற்றை நடாத்துவோர், இத்துணைத் தொகை வேண்டும், இன்னாரை அணுகல் வேண்டும், இன்ன நாளில் விழா எடுத்தல் வேண்டும் என ஆண்டுத் தொடக்கத்திலேயே திட்டம் வகுக்கின்றனர். அது தக்கதே. ஆயினும், தொகை ஒன்றையே நோக்கி வகுக்குந் திட்டம் அறத்தின்பாற்படுமா என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

இதற்கு விடை காண விழைவோர் செஞ்சிக் கோட்டையை ஒருமுறை சுற்றி வருதல் நலம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்து மதில் ஓடுகின்றது. உள்ளே பெரிய நெற்களஞ்சியம் இருக்கின்றது. அதனை நிறைத்த நெல் குடிகளின் நெல்லே. எனினும் அஃது அவர் கொடுத்ததாகாது, அவர்பாற் கொள்ளப்பட்டதாகும். இக்கோட்டை 1677-ல் சிவாஜி வசமாயிற்று. 1698-ல் முகலாயரும், 1750-ல் பிரெஞ்சுக்காரரும், 1761-ல் ஆங்கிலேயரும் கைக்கொண்டனர். 2025-ல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பெற்றது. களஞ்சியத்தின் சுவர் இன்றும் உறுதியாகவுள்ளது, நெல் எங்கே?

பொருட்குவை உடையார் செய்யும் திருப்பணியும் சில வேளைகளில் பிழைபடும் என்பதற்கு இவ்வூர் மன்னர் வரலாறே சான்று. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் செஞ்சியை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர், தில்லையிலுள்ள கோவிந்தராசர் சந்நிதியைப் பெருக்கிக் கட்ட முற்பட்டார். தீக்ஷிதர்கள் அதற்கு உடன்பட்டிலர். மன்னர் பணியை நிறுத்தாமையால், அவருட் பலர் கோபுரத்தினின்று வீழ்ந்து உயிர் துறந்தனர் என்று அந்நாளில் இந்நாட்டிற்கு வந்த பிமெந்தா என்னும் பாதிரியார் எழுதி வைத்தார். இவ்வரலாற்றைச் சமயப் பூசலுக்குக் கருவியாக்குதல் வேண்டா. பொருளும் ஆளும் நிரம்பியிருந்தும், உரியாரது உள்ளம் இசையாதவிடத்துத் தெய்வப்பணியும் துன்பமாய் முடிந்தது என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

சைவ சித்தாந்தம் இதற்குக் காரணங் காட்டும். உயிரை அநாதியே பற்றியுள்ள ஆணவம் ‘யான்’ என்றும் ‘எனது’ என்றும் இருவகையால் தன் முனைப்பைக் காட்டுகின்றது. ஈகையால் ‘எனது’ என்னும் பற்று ஒருசிறிது நெகிழும். ஆனால் கொடுத்தவன் பெயர் கல்லிற் பொறிக்கப்படும் என்றும், அவைநடுவே மாலை சூட்டப்படும் என்றும் ஆசைகாட்டி வாங்கும்போது, ‘எனது’ நெகிழ்ந்த அளவிற்கு ‘யான்’ தடிக்கின்றது. அவ்வீகை பசுபுண்ணியமாய்ப் போகத்தைத் தந்து கழியும். சிவன் உடைமையைச் சிவனுக்கே மீட்டுத் தருகின்றேன் என்னும் உணர்வோடு ஈந்தால் அது சிவபுண்ணியமாய் ஞானத்திற்கு வழிகோலும். ஆகலின் பொருள் கேட்போன் இரண்டு பணி செய்கின்றான். பசித்தவனுக்குச் சோறு தேடுதல் ஒன்று. கொடுப்பவனது பாசத்தைத் தளர்த்துதல் மற்றொன்று. முன்னதற்காகப் பின்னதைக் கெடுத்தல் தகாது.

செஞ்சிக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவண்ணாமலையில் இதற்கு எடுத்துக்காட்டு ஓங்கி நிற்கின்றது. 217 அடி உயரமுள்ள கீழைக்கோபுரம் அரசர் எடுத்தது. 171 அடி உயரமுள்ள வடக்குக் கோபுரமோ அம்மணியம்மாள் கோபுரம் எனப்படும். செங்கத்தையடுத்த சென்னசமுத்திரத்திற் பிறந்த அத்துறவி, முற்றுப்பெறாதிருந்த அக்கோபுரத்தை நிறைவேற்றும் பொருட்டு வீடுவீடாகச் சென்று பொருள் ஏற்றார் என்பது வழிவழி வரும் செய்தி. அரசர் கோபுரத்தை நிமிர்ந்து நோக்குவோன் அரசரை நினைப்பான். வடக்குக் கோபுரத்தை நோக்கும் உழவன், தன் முன்னோர் இட்ட காசும் அதில் உண்டென்று எண்ணுதற்கு இடமுண்டு.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் இந்நெறியையே கடைப்பிடித்தார். 1848-ல் வண்ணார்பண்ணையிலும், 1864-ல் சிதம்பரத்திலும் அவர் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவினார். அவற்றை நடத்துதற்குச் செல்வர் நன்கொடையோடு பிடியரிசியும் துணையாயிற்று. உலைக்கு அரிசி களையுமுன் ஒருபிடி எடுத்துத் தனிக்கலத்தில் இடுதலே பிடியரிசி. ஒருபிடி குறைதலால் எக்குடும்பமும் பட்டினி கிடவாது. நாள்தோறும் இடுதலால் அறநினைவு ஒருநாளும் மறவாது.

அற்றேல், பசி பொறுக்குமா? பிடிபிடியாகச் சேருமுன் வறியோர் வாடுவரே. செல்வர் ஒருவர் தம் பெயர் விளங்கப் பெருந்தொகை ஈவாராயின் அதனை மறுத்தல் கொடுமையன்றோ? அன்றியும், மூர்க்க நாயனார் சூதாடிப் பொருள் ஈட்டி அடியார்க்கு அமுதளித்தனரே. பரிசுச்சீட்டு முதலியவற்றால் பொருள் திரட்டின் குற்றம் யாது? எனின், இவை எளிதில் ஒதுக்கத்தக்க வினாக்கள் அல்ல.

மூர்க்க நாயனார் தம் உடைமை முழுவதையும் அடியார்க்கே ஈந்து, ஒன்றும் எஞ்சாத நிலையிலேயே சூதிற் புகுந்தார். வென்ற பொருளைத் தம் கையாலும் தீண்டாது அமுதாக்குவோர் கொள்ளவிட்டு, அடியார் உண்டபின் கடைப்பந்தியில் உண்டார். தம் பொருளில் ஒருகாசும் ஈயாதான் அவரது சூதை மட்டும் முன்மாதிரியாகக் கொள்ளுதல் பொருந்தாது. திரட்டியதில் தான் தீண்டாமையே அவர்பால் அறச்சபையார் கற்றற்குரியது. பெயர் விரும்பும் செல்வரது கொடையைப் பொறுத்தவரை, பசியென்னும் இடர் நேர்ந்தபோது அதனை மறுத்தல் அருளாகாது. ஏற்று, உடனே பசித்தோர்க்கு ஆக்குதல் வேண்டும். ஆயின் அக்கொடையையே நம்பி அறத்தின் அடித்தளத்தை அமைத்தல் கூடாது. அவர் மனம் மாறியவன்று அடுப்பும் அணையுமன்றோ? பிறரை வருத்தி ஈட்டியதென வெளிப்படையாய் அறியப்பட்ட பொருளோ, வருத்தப்பட்டோர்க்கே மீள உரியது.

ஆகவே செஞ்சி போன்றதோர் ஊரில் அறச்சபையார் வகுக்கத்தக்க திட்டம் இவ்வாறு அமையும். நெல்லும் மணிலாவும் விளையும் நாடாதலின், உழவன் விதைக்குக் கடன்படும் ஆடியில் அவன் வாயிலில் நில்லாது, சம்பா அறுவடை முடிந்து களம் நிறையும் தை மாசியிற் கேட்டல் வேண்டும். ஒருவர்பால் ஆயிரம் பெறுதலினும் ஆயிரவர்பால் ஒவ்வொன்று பெறுதலை மேலாகக் கொள்ளல் வேண்டும். இல்லை என்றவரை நாணச் செய்தலும், ஈந்தவர் பட்டியலை வீதியில் ஒட்டி ஈயாதாரை இழிவுபடுத்தலும் வரி தண்டுதலை ஒக்கும். வந்த அரிசியும் செலவான அரிசியும் திருக்கோயில் முன்றிலில் யாவரும் கேட்க மாதந்தோறும் படிக்கப்படல் வேண்டும். எடுத்த பணி முடிந்தபின் போதும் என்று சொல்லும் துணிவும் வேண்டும்.

இத்தனையும் செய்தும் பொருள் சேராது போயின்? திருநின்றவூர்ப் பூசலார் பல இடத்தும் பொருள் தேடி ஒன்றும் பெறாது, உள்ளத்திலேயே ஆலயம் எடுத்தார். காடவர்கோன் காஞ்சியிற் கட்டிய கற்றளிக்குக் குறித்த நாளை மாற்றும்படி அருளி, இறைவன் அன்பர் ஆலயத்திற்கே முதற்கண் எழுந்தருளினான். கேட்டலும் உழைத்தலும் தொண்டர் கடன். நிறைவேற்றுதல் திருவருட் செயல். செஞ்சிக் களஞ்சியம் வெறுமையாய்க் கிடக்க, அதனருகே ஏதேனும் ஒரு சிற்றில்லின் அடுக்களையில் நாளை ஒருபிடி அரிசி தனிக்கலத்தில் விழுமாயின், அரசர் சேர்த்துவைக்க இயலாததை அவ்வில்லாள் சேர்த்தவளாவாள்.

திருச்சிற்றம்பலம்.